கணவாய் குழுவில் பாடிய ராமுத்தாய்

ராமுத்தாயை நான் முதலில் பார்த்தது கடமலைக்குண்டில் ஒரு கேதவீட்டில். இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம், ஐப்பசி மாதம். செத்தவர் பஞ்சு வியாபாரி. எனக்குச் சின்னமனூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. அதோடு உறுமியும் வாசிப்பேன், யார் கூப்பிட்டாலும் போவேன். படிப்பு ஆறாவதோடு சரி. அன்றைக்கு வெளியே பந்தலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெண்கள் கட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அத்தனை குரலுக்கும் மேலே ஒரு குரல் மட்டும் தனியாக ஏறி வந்தது. கிளாஸைத் தரையில் வைத்துவிட்டேன். பாடுகிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கரகரவென்று, ஆற்று மணலை அள்ளிக் கொட்டுகிற மாதிரி இருந்தது.

"யாருய்யா அது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"நம்ம சுருளிராஜன் பொண்டாட்டி. இலவங்காய்க் கொட்டகையில காய் ஒடைக்கிறவ. அவ அழுதாத்தான் இங்கன எழவே எடுபடும்."

அழுகை முடிந்து அவள் வெளியே வந்தபோது பார்த்தேன். முப்பது வயது இருக்கும். புருவத்தில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. வேலையை விட்டு அப்படியே வந்திருக்கிறாள்.

அப்போது ஜோஷ்வா ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தான். ஜோஷ்வாவுக்கு ஊர் ராயப்பன்பட்டி. உத்தமபாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். கிதார் வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடையில் கூட்டம் இல்லாத நேரம் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டுப் போட்டுக் காட்டுவான். இங்கிலாந்தில் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குழு இருந்ததாம். அவர்கள் ஊர்க் கிழவிகள் பாடுகிற பாட்டை எடுத்து, கரண்டு கிதாரோடும் டிரம்மோடும் சேர்த்து, ஒவ்வொரு பாட்டையும் கால் மணி நேரம் வாசித்தார்களாம். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். யாரும் வாங்கவில்லை. பாடின பெண் பாட்டை விட்டுவிட்டு எங்கேயோ ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டாளாம். நாற்பது வருடம் கழித்து உலகமே அந்தத் தட்டைத் தேடுகிறது என்பான் ஜோஷ்வா. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் கொஞ்ச நேரம் காயில் சுற்ற உட்கார முடியாது.

"அது மாதிரி நாமளும் பண்ணணும் ஒச்சாண்டி" என்பான். "ஒரே ஒரு வித்தியாசம். நம்மள நாம சாகுறதுக்குள்ள எல்லாரும் கேக்கணும்."

அவனைக் கூட்டிக்கொண்டு கடமலைக்குண்டு போனேன். ராமுத்தாய் வீடும் அவள் புருசனின் அண்ணன் கர்ணன் வீடும் ஒரே வளவுக்குள் எதிரும் புதிருமாக இருந்தன. நடுவில் பொதுக்கிணறு. சுருளிராஜன் இலவமரம் ஏறிக் காய் தட்டுகிறவன். பிள்ளை இல்லை. எங்களைப் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டான்.

"மேடையில ஏறி என்னத்தப் பாடுவா? இவளுக்குத் தெரிஞ்சது நாத்துப் பாட்டும் எழவுப் பாட்டும்தான்" என்றான்.

"நாத்துப் பாட்டு போதும் மாப்ள" என்றேன்.

ராமுத்தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோஷ்வா தன் போனில் அந்த இங்கிலாந்துப் பாட்டைப் போட்டுக் காட்டினான். முழுவதும் கேட்டாள்.

"இந்தம்மா இப்ப இருக்காகளா தம்பி?"

"தெரியலக்கா."

"இப்ப எல்லாரும் கேக்குறாகன்னு அவுகளுக்காவது தெரியுமா?"

ஜோஷ்வா சிரித்தான். பிறகு அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, வாரேன். ஆனா ஒப்பாரி மட்டும் பாடமாட்டேன். மேடையில இல்ல, எங்கனயும். கேதவீட்ல அழுதது கேதவீட்டோட போயிரணும்."

"சரிக்கா" என்றான் ஜோஷ்வா.

"நீங்க சொல்லுங்கண்ணே."

"நான் இருக்கேன்ல ஆத்தா" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாவு வீட்டில் பெண்கள் அழுகையோடு அழுகையாக எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நிலத்தை அமுக்கினவனையும், கஞ்சி ஊற்றாத மருமகளையும், குடித்துவிட்டு மிதித்தவனையும் எதிரில் வைத்துக்கொண்டே பாட்டில் இழுக்கலாம். சொல்லப்பட்டவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். பிணம் வாசல் தாண்டினபிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அழுதவளிடமே கூட, "அன்னைக்கு அப்படி அழுதியே" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவனை மனுசனாக மதிக்க மாட்டார்கள். ராமுத்தாய் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

குழுவுக்குக் கணவாய் என்று ஜோஷ்வா பெயர் வைத்தான். மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று மாதிரி பாட்டு இருக்க வேண்டுமாம். குமுளியில் ஒருமுறை வாசித்தபோது அங்கே அதற்கு மீன் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, வறுவல் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஜோஷ்வா கிதார், வினோத்ராஜ் கீபோர்டு, நான் உறுமி, ராமுத்தாய் பாட்டு. நான்கே பேர்.

பன்னிரண்டு வருடம் வாசித்தோம். எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. வீரபாண்டித் திருவிழாவில் நாங்கள் ஆரம்பித்ததும் கூட்டம் ராட்டினத்துப் பக்கம் போய்விட்டது. பெரியகுளத்தில் ஒரு கல்லூரி விழாவில் பையன்கள் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கத்தினார்கள். ராமுத்தாய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சினிமாப் பாட்டு சினிமாக் கொட்டாயில கெடைக்கும் ராசா, இங்கன இதான் இருக்கு" என்றாள். கைதட்டினார்கள், ஆனால் பாட்டைக் கேட்கவில்லை. கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் நாற்றுப் பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் தாய்மாமன் மேடையேறி வந்து என் காதில், "இன்னும் எம்புட்டு நேரம்? பந்தி போடணும், நிறுத்துவீகளா, நாங்க நிறுத்தவா?" என்றார்.

ராமுத்தாய் இதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. வேனில் திரும்பி வரும்போது முழுப்பாட்டையும் எங்களுக்காக ஒருமுறை பாடுவாள். "அவுக கேக்கலைன்னா என்ன, வந்த பாட்ட வெளிய விட்டுட்டுப் போவோம்" என்பாள். வருத்தமெல்லாம் ஜோஷ்வாவுக்குத்தான். ஒவ்வொரு வருடமும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. நாற்பத்தைந்து வயதில் தலை முழுவதும் நரைத்துவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பங்குனி மாதம். இலவங்காய் தட்டுகிற நாள். சுருளிராஜன் காலையில் ஏறின எட்டாவது மரத்தில் கிளை முறிந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் போனோம். வளவு வாசலில் ஜோஷ்வா என்னைத் தனியாக இழுத்தான். கையில் ரெக்கார்டு பண்ணுகிற சின்னக் கருவி, தீப்பெட்டி அளவு. அதை என் உறுமிப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டான்.

"ஒன்னைய மட்டுந்தான் பொம்பளைக பக்கம் விடுவாக. தலைமாட்டுல பைய வச்சிட்டு வா."

"எதுக்குடா?"

"வெளிய விடுறதுக்கு இல்லடா. அக்கா இப்படி ஒருநாளும் பாட மாட்டாங்க. நாளைக்கு அவங்களுக்கே குடுக்கலாம்."

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். உள்ளே போனேன். சுருளிராஜன் காலைத் தொட்டேன். பையைத் தலைமாட்டில் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு வந்தேன். உறவுக்காரன் மாதிரி என்னை நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள்.

ராமுத்தாய் முதலில் சத்தமே போடவில்லை. குளிப்பாட்டிக் கொண்டுவந்து கிடத்தினபிறகுதான் ஆரம்பித்தாள்.

"எட்டு மரம் ஏறயில
எண்ணிக்கிட்டு நின்னேனே
எட்டாவது மரத்துலேர்ந்து
எறங்க வழி மறந்தீகளோ"

கர்ணன் வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளை இல்லாததால் தம்பிக்கு அவன்தான் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிணற்றுப் பங்கில் சண்டை வந்து, கிணற்றடியில் கோடு கிழித்து, மோட்டார் ரூமைப் பூட்டி, தம்பிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லியிருந்தான் அவன். அந்த விஷயம் எனக்கே அன்றுவரை தெரியாது. ராமுத்தாய் எங்களிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"கூடப் பொறந்த பொறப்பு
கெணத்தடியில் கோடு போட்டான்
கோடு போட்ட கையாலயா
கொள்ளிச்சட்டி தூக்க வாரான்"

எல்லாரும் கேட்டார்கள். கர்ணன் தலை குனிந்தது. அப்படியே நின்று முழுவதும் கேட்டான். அப்புறம் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் தோள் குலுங்கிக்கொண்டே போனது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் காலையில் கர்ணன் மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து ராமுத்தாய் வீட்டு வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டினான். "தாயி, சாவி இனிமே இங்கன தொங்கும்" என்றான். அவ்வளவுதான் பேசினது. கோட்டின் மேல் மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டான். இதை ராமுத்தாயே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அவரு போயி எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டாருண்ணே" என்றாள். ஒரு ஏக்கர் முருங்கையும் இரண்டு அறை வீடும்தான் அவளுக்கு. தண்ணீர் இருந்தால் பிழைத்துக்கொள்வாள்.

ஆடி மாதம் ஜோஷ்வா உத்தமபாளையத்துக்குக் கூப்பிட்டான். கடைக்கு மேலே ஒரு அறையில் ரெக்கார்டிங் வசதி செய்திருந்தான். ஹெட்போனை மாட்டிவிட்டான். உள்ளே ராமுத்தாய் அழுதுகொண்டிருந்தாள். அடியில் ஜோஷ்வாவின் கிதாரும் வினோத்ராஜின் கீபோர்டும் போய்க்கொண்டிருந்தன.

ஹெட்போனைக் கழற்றினேன். "ஏலே, என்னடா இது?"

"அக்காகிட்டக் கேட்டாச்சு."

"என்ன சொன்னாக?"

"சரின்னுட்டாங்க. புருசன் பேரு நிக்கட்டும்னாங்க."

வினோத்ராஜைப் பார்த்தேன். அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடமலைக்குண்டுக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும். போய் ராமுத்தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. அழுத அழுகையைப் பற்றி அழுதவளிடமே எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். எந்த வழக்கத்தை ஜோஷ்வா மிதித்தானோ, அதே வழக்கத்தைக் காரணமாக வைத்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். உறுமியை எடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு வாசித்த மாதிரி நான் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை.

ஆவணியில் பாட்டு வெளியே வந்தது. "கோடு" என்று பெயர். பத்து நாளில் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்டது. பன்னிரண்டு வருடமாக எங்களைத் திரும்பிப் பார்க்காத ஊர், எல்லாப் போனிலும் அதை ரிங்டோனாக வைத்தது. "கோடு போட்டான் கோடு போட்டான்" என்ற இடத்தை ஜோஷ்வா வெட்டி எடுத்து மூன்று தடவை திரும்ப வருகிற மாதிரி செய்திருந்தான். என் உறுமி அங்கேதான் உச்சத்துக்குப் போகும். கல்யாண வீடுகளில் அதற்கு ஆடினார்கள்.

ராமுத்தாய் அதைக் கேட்டது இலவங்காய்க் கொட்டகையில். மூட்டை ஏற்ற வந்த டெம்போ டிரைவரின் போன் அடித்திருக்கிறது. தன் அழுகையைத் தானே கேட்டு, உடைத்துக்கொண்டிருந்த காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆணியில் சாவி இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"அண்ணே, அது எப்படிக் கேதவீட்லருந்து வெளிய வந்துச்சு?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒன்கிட்டக் கேட்டதாச் சொன்னானே ஆத்தா."

"நான் அது எப்படி வந்துச்சுன்னு கேக்கேன்."

"என் பைக்குள்ள இருந்துச்சு."

"தலைமாட்டுல வச்சீகளே, அந்தப் பையா?"

"ஆமா."

"நீங்க வைக்கும்போது நான்தாண்ணே காலை நகட்டி எடம் விட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு பேருமாக உத்தமபாளையத்துக்குப் போனோம். ஜோஷ்வா கடையில் நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் எழுந்து மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, லண்டன்ல ஒரு ரேடியோவுல கேட்டிருக்காக. அந்த இங்கிலாந்துக் குழுவப் பத்தி எழுதுறவரு நமக்கு எழுதியிருக்காரு. ஒங்க குரலக் கேட்டு அழுதுட்டாராம்."

"அழிச்சிரு தம்பி."

"எப்படிக்கா? அது இப்ப ஒரு கம்பெனிகிட்ட இருக்கு. என் கையில இல்ல."

"குடுக்கும்போது ஒன் கையிலதான இருந்துச்சு?"

அவன் கொஞ்சம் சூடானான். "அக்கா, தப்பாச் சொல்லல. கர்ணன் பண்ணது அநியாயம்தான? அத ஊரே தெரிஞ்சுக்கிறட்டுமே. நீங்க ஒரு பொம்பள, தைரியமாச் சொன்னீங்க."

"நான் சொல்லல தம்பி. எழவு சொல்லுச்சு" என்றாள் ராமுத்தாய். "எழவு சொன்னதுக்கு அவரு தலையக் குனிஞ்சுட்டாரு. சாவியையும் குடுத்துட்டாரு. முடிஞ்சுபோச்சு. முடிஞ்சத நீ தோண்டி எடுத்துட்ட."

"பன்னெண்டு வருசம்க்கா" என்றான் ஜோஷ்வா. "ஒருத்தன் கேட்டானா நம்மள? ஒருத்தன்?"

"அதுக்கு எம்புருசன்தான் கெடைச்சாரா?"

கீழே கடையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஜோஷ்வா இறங்கிப் போனான். திரும்ப மேலே வரவே இல்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நாங்கள் இறங்கினோம்.

கர்ணனிடம் பேசிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அவன் மனைவி உமாதேவி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க. ரெக்கார்டுப் பொட்டி கொண்டாந்திருக்கீகளா? எங்கன வைக்கிறீகன்னு சொன்னா நாங்களும் தள்ளி ஒக்காந்து பேசுவோம்" என்றாள்.

கர்ணன் அவளைக் கையமர்த்தினான். ஆளே பாதியாக இளைத்திருந்தான். கோபமாகப் பேசுவான் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவன் அழுகிற நிலையில் இருந்தான்.

"ஒச்சாண்டி, அன்னைக்கு அவ அழுதது எனக்குக் கேக்கலையா? கேட்டுச்சு. நெஞ்சுல அடிச்ச மாதிரிக் கேட்டுச்சு. ஒரு வார்த்த பேசுனேனா? சாவிய மாட்டுனேன். இப்பச் சந்தையில காய் விக்கிறவன் என்னையப் பாத்து 'ஏலே, கோடு வருதுடா'ங்கிறான். எம்மகளப் பாக்க வந்தவுக வாசல்ல நின்னு, 'இதான் அந்தக் கெணறா?'ன்னு கேட்டாக. காப்பிகூடக் குடிக்காமப் போய்ட்டாக."

"அவளுக்குத் தெரியாதுப்பா. நாங்க செஞ்ச துரோகம்" என்றேன்.

"நீங்க செஞ்சீகளோ, அவ செஞ்சாளோ, கேக்குறது அவ கொரலுதான?" என்றான் கர்ணன். "ஒரு வழி சொல்றேன். அழுகையில சொன்னது பொய்யின்னு அவ சொல்லட்டும். கெணத்துச் சண்டையே இல்ல, துக்கத்துல ஒளறிட்டேன்னு சொல்லட்டும். அத நீங்களே போன்ல போடுங்க. அம்புட்டுப் பயலும் பாக்கட்டும். சாவி ஆணிக்கு வந்துரும். அவ செத்தாலும் நானே தூக்குறேன்."

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. ராமுத்தாய் பக்கம் திரும்பி, "சொல்லிரு ஆத்தா. ஒரு வார்த்தைதான. தண்ணி கெடைக்கும், வீடு நெலைக்கும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையை வைத்தது தெரிந்தபோது கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

"யாரு முன்னாடி அழுதேண்ணே? அவரு கெடந்தாரு. அவரு மொகத்தப் பாத்துச் சொன்னத இப்பப் பொய்யின்னு சொன்னா, நான் அவருக்கு அழுததே பொய்யின்னு ஆகும்." கர்ணன் பக்கம் திரும்பாமலே, "மூத்தவரு மனசு நோகணும்னு அன்னைக்கு அழல. நெசம்னு அழுதேன். அத அவரும் ஏத்துக்கிட்டாரு. நான் மன்னிப்பு வேணும்னா கேக்கேன். பொய்யின்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

"அப்ப கெளம்பு" என்றாள் உமாதேவி.

கர்ணன் வேண்டாம் என்று சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் இல்லாமல் முருங்கை இரண்டு மாதம் தாங்கியது. கொட்டகையிலும் அவளோடு சேர்ந்து உட்காரப் பெண்கள் யோசித்தார்கள். அவளிடம் ஒருத்தி மனசு விட்டு ஒன்றைச் சொன்னால், நாளைக்கு அது பாட்டாக வந்துவிடுமோ என்ற பயம். கார்த்திகை மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போடிக்குப் போனாள். அங்கே ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த ஊரில் யாருக்கும் அவள் பாடுவாள் என்பது தெரியாது. ஏலக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் இருக்கிற பெண்கள் போனில் "கோடு" பாடினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாளாம்.

நான் உடனே குழுவை விட்டு வந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இரண்டு மேடை வாசித்தேன். பாட்டுக்கு ராமுத்தாயின் குரல் கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. அவள் நிற்கிற இடத்தில் மைக் ஸ்டாண்டு மட்டும் நின்றது. பழக்க தோசத்தில் நான் அவள் மூச்சு எடுக்கிற இடத்துக்காகத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. கீழே ஐந்நூறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேடைக்கு வரமாட்டேன் என்று ஜோஷ்வாவுக்குப் போன் போட்டேன். நீ பொய் சொல்லி என்னை வாசிக்க வைத்தாய் என்றேன்.

"நான் சொன்னது பொய்தான்" என்றான் ஜோஷ்வா. "ஒனக்கு அது பொய்யின்னு தெரியாதாடா? பைய யாரு கொண்டுபோய் வச்சா?"

போனை வைத்துவிட்டான். இப்போது அவனுக்குச் சென்னையில் வேலை இருக்கிறது. வேறு ஆள் உறுமி வாசிக்கிறான். குழுவின் படத்தில் மட்டும் ராமுத்தாய் இன்னும் நடுவில் நிற்கிறாள்.

போன தை மாதம் எங்கள் அம்மா செத்துப்போனாள். எண்பத்தொரு வயது. கல்யாணச் சாவு மாதிரிச் செய்ய வேண்டியது. மேளம் சொன்னேன், பந்தல் போட்டேன். காலையில் இருந்து சொந்தபந்தம் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் மாலை போட்டார்கள், உட்கார்ந்தார்கள். கண்ணைத் துடைத்தார்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பதினோரு மணி இருக்கும், அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கம்பத்தில் இருந்து வந்து இறங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு, "என் கூடப் பொறந்த கொடியே" என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையை அமுக்கினாள். தாடையால் என் பக்கம் காட்டினாள். சின்னம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி ஹேமாவதி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அம்புட்டுப் பேரும் ஒங்களப் பாத்துத்தான் வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக. போயி ஏதாச்சும் சொல்லுங்க. அத்தைய ஊமையாவா அனுப்புறது?"

முற்றத்துக்கு வந்தேன். சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினேன். வேட்டி மடிப்பை உதறினேன். "என்கிட்ட ஒன்னும் இல்ல ஆத்தா. உறுமி கூட வீட்ல இல்ல. எங்கம்மாவுக்கு அழுங்க" என்றேன். ஒருத்தி தலையாட்டினாள். ஒருத்தி மேலே விட்டத்தைப் பார்த்தாள். அழவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் ராமுத்தாய் வந்தாள். நான் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னார்களோ, போடி பஸ்ஸில் மாலையோடு வந்து இறங்கினாள். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். மாலையைப் போட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் முன்முடியை ஒதுக்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனை தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அம்மா அவளுக்கு எத்தனை தடவை சோறு போட்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "ஆத்தா, ஒரே ஒரு அடி பாடி அழு. எங்கம்மாவுக்காக. நீ ஆரம்பிச்சா எல்லாரும் அழுதுருவாக" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க வீட்லயாண்ணே?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

வாசலில் பாடை தயாராகிவிட்டது. தூக்குகிறவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்.

"பொம்பளைக அழுது முடிச்சிட்டாகளா? தூக்கலாமா?"

"தூக்குங்க" என்றேன்.